உங்களுக்குத் தெரியுமா? காதுக்கு எட்டாவிட்டாலும் கைக்கு எட்டும் தொழில்

மலையகத்தில் காது கேளாத பிள்ளைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிற பெற்றோருக்காகவும், அந்தக் கேள்வியைத் தாங்களே சுமந்து திரிகிற இளைஞர்களுக்காகவும் இந்த வாரத் துணுக்குகள். ஆள் எடுக்கிற இடத்தில் இருப்பவர்களும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

● தேயிலைத் தோட்டத்தில் வேலைநாள் சத்தத்தோடுதான் விடியும். அந்தக் காலத்தில் இருட்டோடு தப்படித்து லயத்தை எழுப்பினார்கள். பிறகு ஸ்டோர் சங்கு வந்தது. பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவது, இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, யார் யார் புல்வெட்டுக்கு, யார் கவ்வாத்துக்கு என்று பிரித்துவிடுவது எல்லாமே வாய்ச்சொல். அட்டனில் ஒரு கடைக்கு ஆள் தேவை, நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியும் பீலிக்கரையிலும் கோயில் வாசலிலும் பஸ்ஸிலும் காதோடு காதாகத்தான் பரவும். காது கேளாத இளைஞனுக்குத் தொழில் தெரிந்திருக்கும். வெற்றிடம் இருக்கிற சேதிதான் வந்து சேர்ந்திருக்காது. பிரட்டுக்களத்தில் ஒரு கரும்பலகையை மாட்டி, மலை இலக்கத்தையும் வேலையையும் சோக்கட்டியால் எழுதிவிட ஐந்து நிமிடம் போதும். பிந்தி வருகிறவர்களுக்கும் அது உதவும்.

● 2012 குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஏதேனும் ஓர் இயலாமை உள்ளவர்கள் மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 15 வயதைக் கடந்தோரை எடுத்துக்கொண்டால் பத்துக்கு ஏழு பேர் எந்தத் தொழிலிலும் இல்லை, தொழில் தேடவும் இல்லை. முதியோர் கணக்கைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய தொகை. தேடி அலுத்து விட்டவர்களும் இதற்குள்தான் இருக்கிறார்கள்.

● 27/88. இந்த இலக்கத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 1988 ஆகஸ்ட் 18ஆம் திகதி வெளியான பொது நிருவாகச் சுற்றுநிருபம் இது. அரச சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் ஏற்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தை, தகைமை இருந்து, கடமையைச் செய்ய இயலாமை தடையாக இல்லாதவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தனியார் துறைக்கு இது பொருந்தாது. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனதால் மலையகத்தின் பெரும்பாலான தோட்டங்களும் இதற்கு வெளியே நிற்கின்றன. ஆனால் பிரதேச சபை, அரச ஆஸ்பத்திரி, பாடசாலை, தபால், மின்சாரம் என்று அரச வெற்றிடம் எதற்கு விண்ணப்பித்தாலும் இந்தச் சுற்றுநிருபத்தை இலக்கத்தோடு குறிப்பிட்டுக் கேட்கலாம். கேட்காதவர்களுக்கு அதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

● சுற்றுநிருபத்தைவிட வலுவானது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. அதை மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யவும் வழி வைத்திருக்கிறது. இயலாமை உள்ளவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27ஆம் உறுப்புரை முழுக்க முழுக்கத் தொழில் பற்றியது.

● பச்சைக்கொழுந்து தேத்தூளாக மாறுகிற வழியில் காதுக்கு வேலை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். வாட்டுகிற தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறார்கள். கையை விரித்ததும் சிதறாமல் மெல்ல மெல்லப் பிரிந்தால் வாட்டம் சரி. அதைச் சொல்வது உள்ளங்கை. அரைபட்ட இலை நொதிக்கும்போது பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறுவதைக் கண் பிடிக்கிறது. பச்சை வாடை மாறி மணம் எழுவதை மூக்கு பிடிக்கிறது. சலித்துத் தரம் பிரிப்பதும், தண்டும் நாரும் பொறுக்குவதும், நிறுத்துப் பொதி கட்டுவதும் கண்ணும் கையுமான வேலை. வரிசையாக வைத்த கோப்பைகளை டீமேக்கர் ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நாக்காலும் மூக்காலும்.

இன்னொன்று. உருட்டுகிற மிஷின்கள் ஓடும்போது ஸ்டோருக்குள் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. நல்ல காது உள்ளவர்களும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்கிறார்கள். சைகையிலேயே வளர்ந்த ஒருவர் அந்த இடத்தில் மற்றவர்களுக்கு ஒரு படி மேல். அவரை உள்ளே எடுக்கிற முகாமை செய்ய வேண்டியது, அபாயமணியோடு எரிந்து அணைகிற ஒரு சிவப்பு விளக்கையும் இணைப்பது. ஓடுகிற பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் மூடி போடுவது. மூடி எல்லாத் தொழிலாளிக்கும் வேண்டியதுதான்.

● கொழுந்து மடுவத்தில் நிறுவையை வாயால்தான் சொல்வார்கள். நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். அது குறைந்தால் அரைப்பேர். கூடைக்கு, ஈரத்துக்கு என்று கழித்தது போக எத்தனை கிலோ எழுதினார்கள் என்று காது கேட்கிற பெண்களே வாக்குவாதப்பட வேண்டியிருக்கிறது. கேளாத பெண் எப்படி வாக்குவாதப்படுவாள்? தராசின் முகம் அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எழுதின துண்டு அவள் கையில் போக வேண்டும். இரண்டுக்கும் செலவு இல்லை.

● மலையில் காது கேளாதவர்களுக்கு உள்ள உண்மையான ஆபத்து குளவி. கூடு கலைந்தால் ஒருத்தி கத்துவாள், மற்றவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்தக் கத்தல் சேராத ஒருத்தி நிரையில் தனியாக நின்றுவிடலாம். இதற்காக வேலையே கொடுக்க மாட்டோம் என்பது நியாயம் இல்லை. பக்கத்து நிரையில் எப்போதும் கண்ணில் படும்படி ஒரு துணை, ஆபத்துக்கு என்று எல்லோரும் பழகிய ஒரே சைகை, தலைத்துண்டை உயர்த்தி வீசுவது என்று வைத்துக்கொள்ளலாம். பனிமூட்டம் இறங்குகிற நாளில் துணை இன்னும் கிட்ட நிற்க வேண்டும். கங்காணி இதை ஒரு காலைப் பிரட்டில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

● அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்று ஒரு தீவு. பரம்பரைக் காரணத்தால் அங்கே பிறவியிலேயே காது கேளாதவர்கள் அதிகம். சில்மார்க் என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் 25 பேருக்கு ஒருவர். அந்த ஊரார் செய்தது, காது கேட்கிறவர்களும் சேர்ந்து எல்லோரும் சைகை மொழி பழகியது. கடைக்காரரும் மீனவரும் பிள்ளைகளும் கையாலே பேசினார்கள். கேளாதவர்கள் மற்றவர்களைப் போலவே மீன் பிடித்தார்கள், பயிர் செய்தார்கள், கலியாணம் கட்டினார்கள், ஊர்க் கூட்டத்தில் பேசினார்கள். அந்தப் பரம்பரையின் கடைசிக் கேளாதவர் 1952இல் இறந்தார். நோரா குரோஸ் என்ற மானிடவியலாளர் பழையவர்களின் நினைவுகளைச் சேர்த்து 1985இல் புத்தகமாக்கினார்.

எனக்கு இதைப் படித்தபோது நம்முடைய லயங்கள்தான் மனதில் வந்தன. ஒரே வரிசையில் வீடு, ஒரே பீலி, ஒரே பிள்ளைமடுவம், ஒரே கோயில். ஐம்பது சைகைகளை ஒரு லயமே பழகிக்கொள்ள இதைவிட வசதியான இடம் எங்கே இருக்கிறது?

● முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து டயர் ஆலைகள் நூற்றுக்கணக்கான காது கேளாதவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுத்தன. நாடு முழுவதிலிருந்தும் அவர்கள் அந்த ஊரில் வந்து குவிந்தார்கள். அச்சுக்கூடங்களும் அப்படித்தான்: காது கேளாதோர் பள்ளிகள் பலவற்றில் அச்சுக்கோப்பது ஒரு பாடமாகவே இருந்தது, அமெரிக்கப் பத்திரிகை அச்சகங்களின் இரைச்சலுக்கு நடுவே அவர்கள் சிரமமில்லாமல் பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள்.

● விண்வெளிக்கு மனிதரை அனுப்புவதற்கு முன், உடல் நிலைகுலைவதைப் பற்றி ஆராய நாசா நாடியது 11 காது கேளாத ஆண்களை. உட்காதின் சமநிலை உறுப்பு பழுதாகியிருந்ததால், எவ்வளவு சுழற்றினாலும் அவர்களுக்குத் தலைச்சுற்றோ வாந்தியோ வரவில்லை.

● தொலைவில் உள்ள நட்சத்திரக் கூட்டங்களின் தூரத்தை அளக்க வழி காட்டிய ஹென்றியெட்டா லெவிட்டுக்குக் காது கேளாது. நட்சத்திரங்களை வகைப்படுத்திய ஆனி ஜம்ப் கேனனுக்கும் கேட்பது வெகு குறைவு. இருவரும் ஹார்வர்ட் வானாய்வகத்தில் ஒரே காலத்தில் வேலை பார்த்தவர்கள். இணையத்தின் அடிப்படையை வடிவமைத்த இருவரில் ஒருவரான வின்ட் செர்ஃப் சிறு வயதிலிருந்து காதுக்கருவி அணிபவர்.

● மும்பையில் 2009இல் துருவ் லாக்ரா தொடங்கிய மிரக்கிள் கூரியர் நிறுவனத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் தரம் பிரிப்பவர்களும் காது கேளாதவர்கள். வழியில் ஒரு சந்தேகம் என்றால் குறுஞ்செய்தி. விலாசத்தை வாசிக்கவும் கையொப்பம் வாங்கவும் காது எதற்கு?

● ஸ்டார்பக்ஸ் நிறுவனம் சைகை மொழியில் இயங்கும் தன் முதல் கடையைத் திறந்தது மலேசியாவில், கோலாலம்பூரில், 2016இல். வாடிக்கையாளர் அட்டையில் குறித்தோ எழுதியோ காட்டி வாங்கிக்கொள்கிறார். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வருகிற கூட்டத்தையும், அட்டன் வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போகிற கூட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. விரலால் காட்டித்தான் தேநீர் வாங்குகிறார்கள்.

● உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பாடு’ என்றும் ‘மாடு’ என்றும் சொல்லிப் பாருங்கள். பிறகு ‘பட்டை’, ‘மட்டை’. உதடு ஒரே மாதிரிதான் அசையும். க, ட, ண போன்ற ஒலிகள் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுவதால் உதட்டில் தெரிவதே இல்லை. மீதியை இடம் பார்த்து ஊகிக்கிறார்கள். எட்டு மணி நேரம் ஊகித்துக்கொண்டே இருப்பது கடுமையான உழைப்பு. ஆகவே தொகை, திகதி, நேரம், இடத்தின் பெயர் ஆகியவற்றை எப்போதும் எழுதிக் காட்டுங்கள். கத்த வேண்டாம், கத்தும்போது உதட்டின் வடிவம் கோணிப்போகும்.

● 2019இல் கூகுள் வெளியிட்ட ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ என்ற செயலி, எதிரே இருப்பவர் பேசுவதை அப்படியே கைப்பேசித் திரையில் எழுத்தாக்குகிறது. தமிழும் அதில் உண்டு. காசு இல்லை. தமிழுக்கு டேட்டா வேண்டும் என்பதால் சிக்னல் பிடிக்காத டிவிஷன்களில் கை கொடுக்காது. நகரத்துக் கடையிலும் அலுவலகத்திலும் நன்றாக உதவும். மலைநாட்டுப் பேச்சுவழக்கில் வேகமாகப் பேசினால் தடுமாறும். கொஞ்சம் நிதானித்துப் பேசச் சொல்லுங்கள்.

● தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒரு மொழியே பிறந்த கதை தெரியுமா? நிக்கராகுவா நாட்டில் 1970களின் கடைசி வரை காது கேளாத பிள்ளைகள் வீட்டோடு தனித்தனியே இருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தாயும் பிள்ளையும் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட சைகைகள் அடுத்த வீட்டுக்குப் புரியாது. 1977இல் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளியும், 1980இல் இளவயதினருக்கு ஒரு தொழிற்பள்ளியும் திறந்தபோது அந்தப் பிள்ளைகள் முதல்முறையாக ஒன்றுசேர்ந்தார்கள். ஆசிரியர் யாரும் கற்றுக் கொடுக்காமலே, விளையாட்டிடத்திலும் பஸ்ஸிலும் தங்கள் சைகைகளைக் கலந்து முழுமையான ஒரு மொழியை உருவாக்கிவிட்டார்கள். உலக மொழியியலாளர்கள் இன்றும் அதை ஆராய்கிறார்கள்.

நம் மலைகளில் பல பிள்ளைகள் இன்னும் அந்த வீட்டுச் சைகையோடுதான் நிற்கிறார்கள். அம்மாவுக்குப் புரிவது மேஸ்திரிக்குப் புரியாது. தச்சோ தையலோ பழக்குவதற்கு முன், தன்னைப் போன்ற நாலு பேரோடு அந்தப் பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் என்பேன்.

● இலங்கையில் காது கேளாதோருக்கான முதல் பள்ளி 1912இல் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண்மணியால் தொடங்கப்பட்டது. இரத்மலானையில் இன்றும் இயங்குகிறது. தமிழ் வழியில் படிக்க யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி இருக்கிறது. மஸ்கெலியாவிலிருந்தோ ராகலையிலிருந்தோ ஏழு வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் விடுதிக்கு அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. அந்தத் தூரத்துக்கான விலையைப் பிள்ளை பதினெட்டு வயதில் வேலை தேடும்போது கொடுக்கிறது. கிட்டத்து வலயத்தில் விசேட கல்விப் பிரிவு உள்ள பாடசாலை எது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் கேளுங்கள். ஒரு தடவை கேட்டு விட்டுவிடாதீர்கள்.

● சான்றிதழ் இல்லை என்று தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தேசிய தொழில் தகைமைக்கு, ஆங்கிலச் சுருக்கத்தில் என்.வி.கியூ.வுக்கு, மொத்தம் 7 மட்டங்கள். வகுப்பில் உட்கார்ந்து படித்தால்தான் கிடைக்கும் என்று இல்லை. வருடக்கணக்காகத் தச்சு வேலையோ தையலோ பேக்கரி வேலையோ மேசன் வேலையோ செய்து பழகியவர், தன் கைத்திறனைச் செய்து காட்டி மதிப்பீடு செய்வித்துச் சான்றிதழ் பெறும் முறையும் உண்டு. ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்பார்கள், ஆர்.பி.எல். என்று கேட்டாலும் புரியும். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நைட்டாவிலும் விசாரிக்கலாம்.

காது கேளாதவர்களுக்கு இது மிகப் பொருத்தமான வாசல் என்று நினைக்கிறேன். கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிட, மரத்தை இழைத்துக் காட்டுவதில் அவர்களுடைய முழுத் திறனும் வெளிப்படும். மதிப்பீட்டு நாளில் செய்ய வேண்டியதை எழுதித் தரும்படி முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள். சைகை தெரிந்த ஒருவர் கூட வரலாமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். சமூக சேவைகள் திணைக்களம் சீதுவை போன்ற இடங்களில் இயலாமை உள்ளவர்களுக்கென்றே தொழிற்பயிற்சி நிலையங்களை நடத்துகிறது. அதற்கு முதல் படி உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவைகள் உத்தியோகத்தர்.

● கோயம்புத்தூரைச் சேர்ந்த ரஞ்சித், காது கேளாதவர். இந்திய சிவில் சர்விஸ் தேர்வைத் தமிழில் எழுதி, 2020ஆம் ஆண்டுத் தேர்வில் 750ஆம் இடத்தில் வெற்றி பெற்றார். இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரச வேலையில் இயலாமை உள்ளவர்களுக்கு 4 வீதம் ஒதுக்குகிறது. அதில் ஒரு வீதம் கேளாதோருக்கும் குறைவாகக் கேட்போருக்கும் உரியது. நம் 3 வீதத்துக்குள் அப்படித் தனிப் பங்கு எதுவும் பிரிக்கப்படவில்லை. பிரித்தால் நல்லது.

● கேளாதவர் வாகனம் ஓட்டலாமா? சோதனையில் தேறினால் அனுமதிப்பத்திரம் கொடுக்க வேண்டும் என்று 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

● காதுக்கருவி மாட்டுகிறவர்களுக்கு மலைநாட்டு மழையே எதிரி. ஈரம் உள்ளே இறங்கினால் தொடுமுனைகள் துருப்பிடிக்கும், ஒலி விட்டுவிட்டு வரும். இரவில் பற்றரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உலர்த்த வேண்டாம். தகரக் கூரையில் மழை கொட்டும்போது கருவி அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கருவி போட்டிருக்கிறாரே, கேட்கும்தானே என்று எண்ணி முக்கியமான பேச்சை அந்த நேரத்தில் பேசாதீர்கள்.

● 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பான எல்லை என்கிறது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம். 88இல் 4 மணி. 91இல் 2 மணி. கருவி இல்லாமல் அறிய ஒரு வழி: கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அந்த இடம் 85ஐத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உள்காதில் செத்த உணர்முடிகள் மீண்டும் முளைப்பதில்லை. ஸ்டோரில் இருபது வருடம் மிஷின் ஓட்டியவருக்கு வயதானதால் காது மந்தம் என்று விட்டுவிடுகிறார்கள். அடைப்பான் கொடுத்திருந்தால் அதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். மிச்சமிருக்கிற கேள்திறனைக் காப்பதும் தொழிலாளியின் உரிமை. குறைவாகக் கேட்கிற தொழிலாளிக்கு அது இரண்டு மடங்கு அவசியம்.

● செப்டெம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் நாள். 1951இல் ரோம் நகரில் உலகக் காது கேளாதோர் சம்மேளனம் தொடங்கிய நாள் அது. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2018 முதல் அதைக் கடைப்பிடிக்கிறது.

● நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு. யன்னலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். அப்போது கேள்வி கேட்பவரின் முகத்தில் வெளிச்சம் விழும், உதடு தெரியும். மூன்று பேர் கொண்ட குழு என்றால் ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர் பேசும்படி முதலிலேயே எழுதிக் காட்டுங்கள். புரியாததற்குத் தலையாட்ட வேண்டாம். தலையாட்டி வாங்கிய வேலை முதல் வாரத்திலேயே சிக்கலாகும். செய்த வேலையின் படங்களைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள்.

விண்ணப்பத்தில் தொலைபேசி இலக்கத்துக்குப் பக்கத்தில், ‘காது கேளாதவர், குறுஞ்செய்தி மட்டும் அனுப்பவும்’ என்று எழுதுங்கள். அழைப்பை எடுக்கவில்லை என்பதற்காகவே அடுத்த ஆளுக்குப் போய்விடுகிற வேலைகள் உண்டு. தம்பி, தங்கையின் இலக்கத்தைக் கொடுப்பதாக இருந்தால், எந்தெந்த இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அவர்கள் கையிலும் இருக்கட்டும்.